உப்பு ஏறிய நுங்கு ஐஸ்

கைப்பேசியில் ஒரு பெண் வருவாள். கழுவித் துடைத்த சமையலறை, வெள்ளைக் கல் மேடை, அதில் ஒரு பொட்டு மஞ்சள் கறை கிடையாது. மஞ்சள் கறை இல்லாத சமையலறையை நான் நம்புவதில்லை. மூன்றே பொருள் போதும் என்பாள்: பழம், சர்க்கரை, தண்ணீர். அரைப்பாள், டப்பாவில் ஊற்றுவாள், ஃப்ரீசரில் வைப்பாள், மறு நிமிடம் எடுத்து உருண்டை உருண்டையாகச் சுரண்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, உச்சியில் ஒரு புதினா இலையைக் குத்தி, ‘சோர்பே ரெடி’ என்று பல்லைக் காட்டுவாள். இடையில் எட்டு மணி நேரம் எங்கே போயிற்று, அதற்குள் எத்தனை தடவை கரண்ட் போயிற்று, டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த தோசைமாவின் வாடை பழத்தில் ஏறியதா இல்லையா, ஒன்றும் சொல்ல மாட்டாள். பாளையங்கோட்டையில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கிற சர்பத்தைக் கெட்டியாக உறைய வைத்துவிட்டு அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பேரும் வைத்துவிட்டால் ஆயிற்று.

இப்படிப்பட்டவளை நான் ஒரு கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி. பங்குனியோடு கரண்ட் வைத்து முடித்திருந்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. கட்டி கரைந்துவிட்டது என்றார் டாக்டர். கட்டியோடு சேர்ந்து வாயில் ஊறும் எச்சிலும் ருசியும் கரைந்து போயிருந்தன. இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல் முகத்தைச் சுளிப்பார்.

“குளுமையா, வழுவழுன்னு குடுங்க. ஐஸ்கிரீம் குடுங்க. புண் ஆறுத வரைக்கும் புளிப்பு, காரம் வேண்டாம்” என்றார் டாக்டர். “ருசி பைய வரும். சில பேருக்கு முழுசா வராமலும் போகும்.”

ஆள் பாதியாகிவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டினார். வாய்க்கு ருசித்தால் தின்பார், தின்றால் தேறுவார், இல்லையென்றால் இல்லை. எனக்கு வேறு எந்தப் பயமும் அப்போது இல்லை, இந்த ஒன்றுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அல்வா வாங்கி வந்தார்கள். திருநெல்வேலியில் குடியிருக்கிற ஒருவனைப் பார்க்கத் திருநெல்வேலியிலேயே குடியிருக்கிற இன்னொருவன் அல்வாவோடு வருவது என்ன முறையோ! அதுவும் தொண்டை வெந்தவனுக்கு. நெய் வடியும் பொட்டலங்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. வந்தவர்களே பிரித்துத் தின்றுவிட்டு, “ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரரின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாம்பாரில் கண்டுபிடிப்பார். ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. ஒரு வாய் வைத்துவிட்டு, பக்கத்து இலைக்காரரிடம், பெண் வீட்டார் காதில் விழும்படியாகவே, “தேங்காய மூணாந்தடவ பிழிஞ்சிருக்கான் வே, இது சொதியில்ல, பாத்திரங் கழுவுன தண்ணி” என்றார். நான் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டிலும் அதே கச்சேரிதான். ரசத்தில் புளி பழசு. தோசையில் உளுந்து ஒரு கை கூட. கீரையை ஒரு கொதி அதிகம் விட்டுவிட்டாய். நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவார். அந்த மௌனம்தான் நான் வாங்கிய முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம்.

இதில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் வீடுகளில் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால்கூடப் பண்டம் முழுக்க எச்சில். சாமிக்குப் படைக்கிற நாளில் மட்டும் இப்படி என்றால் போகட்டும் என்று விடலாம். என் மாமியார் இருந்தவரை முன்னூற்று அறுபத்தைந்து நாளும் இதே சட்டம். உப்பு சரியா என்று கொதிக்கிற வாடையை வைத்துச் சொல்ல வேண்டும். “மூக்கு என்னத்துக்கு இருக்கு?” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த நான், எதையும் சோதித்துப் பார் என்று பிள்ளைகள் காதில் ஓதிய நான், இந்தச் சட்டத்தை மாமியார் போன பிறகும் விடவில்லை. பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் உலகத்தில் பாதி மடத்தனத்துக்குச் சொல்லும் காரணம். ஆகவே முப்பத்து நாலு வருஷமாக என் சமையலுக்கு நாக்கு அவருடையது. கடைசியில் நான் உட்கார்ந்து ஆறிப்போனதைத் தின்பது வயிற்றுக்குத்தான், ருசிக்கு அல்ல. அவர் திட்டுகிற திட்டை வைத்துத்தான் நான் உப்பைக் கூட்டினேன், புளியைக் குறைத்தேன். அந்த நாக்கு இப்போது செத்துக் கிடந்தது. எதை வைத்தாலும் இரண்டு கரண்டி விழுங்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அது பழைய மௌனம் அல்ல.

கடை ஐஸ்கிரீம் நெஞ்சில் பிசுபிசுக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். பெங்களூரில் இருக்கிற மகள் உடனே ஒரு மெஷின் அனுப்பினாள். வாளி மாதிரி ஒரு பாத்திரம், மேலே ஒரு மோட்டார். பாத்திரத்தை ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டுப் பிறகு அதில் பழக்கூழை ஊற்றிச் சுற்ற விட வேண்டுமாம். எங்கள் ஃப்ரீசரின் உயரம் ஒரு சாண். பாத்திரம் ஒன்றரைச் சாண். படுக்க வைத்தேன், சாய்த்து வைத்தேன், கதவு மூடவில்லை. “புது ஃப்ரிட்ஜ் வாங்கும்மா” என்றாள் மகள் போனில். செருப்பு வாங்கிவிட்டு அதற்குத் தக்கபடி காலை மாற்றச் சொல்கிற கதை. மெஷினில் இப்போது வெங்காயம் கிடக்கிறது.

கைப்பேசிக்காரி சொன்னபடி முதலில் நன்னாரி செய்தேன். உறைந்து பாறையாக நின்றது. கரண்டியால் குத்தினேன், கரண்டி வளைந்தது. பூரிக்கட்டையால் அடித்தேன், சில்லு பறந்து சுவரில் பட்டது. அப்புறம்தான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. தண்ணீரில் எது கரைந்தாலும் அதன் உறைநிலை தாழும் என்று கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். சர்க்கரை குறைந்தால் பனிக்கட்டி, கூடினால் வழுவழுப்பு. உடம்புக்கு ஆகாதே என்று சர்க்கரையை நான்தான் குறைத்திருந்தேன். பாடம் நடத்தியவளுக்கே பாடம் ஏறவில்லை.

வைகாசியில் மாம்பழம். சர்க்கரைப் பாகைத் தாராளமாக விட்டு, மணிக்கொரு தரம் ஃப்ரீசரைத் திறந்து முள்கரண்டியால் கிளறிக் கிளறி, பதமாக வந்தது. கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன். ஒரு கரண்டி தின்றார். இன்னொரு கரண்டி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

எனக்குக் காலே தரையில் இல்லை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் முதல் ‘நல்லாருக்கு’. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு ருசி வந்துவிட்டது என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் பெருமையாகச் சொன்னேன். “பரவாயில்லையே, சீக்கிரமா வந்துட்டு” என்றார் அவரும். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு. சப்போட்டா நல்லாருக்கு. பன்னீர் திராட்சை நல்லாருக்கு. கருப்பட்டிப் பாலை உறைய வைத்தது, எனக்கே சந்தேகமாக மண்ணு நிறத்தில் இருந்தது, அதுவும் நல்லாருக்கு. கொஞ்சமாவது மூளை உள்ளவளாக இருந்தால் அங்கேயே விழித்திருக்க வேண்டும். தாலுகா ஆபீஸ்காரர் ஒரு மனுவைக்கூடத் திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனால் ஆபீசில் என்ன நினைப்பார்கள்? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்குக் கைமணம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கைப்பேசிக்காரிக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? புதினா இலை ஒன்றுதான் பாக்கி.

ஆனி மாதம் ஒருநாள், தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்துக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வாங்கி வைத்த நுங்கு வீணாகிவிடும். சரி, பாடப்புத்தக வழியில் செய்துவிடுவோம் என்று கிளம்பினேன்: ஐஸும் கல்லுப்பும். உப்பு சேர்ந்தால் ஐஸ் உருகிக்கொண்டே பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். அதற்குள் புதைத்த பாத்திரத்தில் இருப்பது உறையும். மார்க்கெட் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்தவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“மீனுக்கா டீச்சர்?”

“மீனா? நாங்க சைவம், அண்ணாச்சி.”

“அப்பம் சரி. மீனுக்கும் சைவத்துக்கும் ஒரே ஐஸ்தான்” என்று சொல்லிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, பத்தமடையிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அல்வாப் பொட்டலம்தான் கையில். நுங்கைத் தோலுரித்து மசித்து, இளநீரும் பனங்கற்கண்டுப் பாகும் ஏலமும் சேர்த்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினேன். அண்டாவில் ஐஸை உடைத்துப் போட்டு, கைநிறையக் கல்லுப்பை வாரி இறைத்து, நடுவில் தூக்கை இறக்கி, பிடியைப் பிடித்து இங்கனயும் அங்கனயும் திருப்பிக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். கை மரத்துவிட்டது. நாத்தனார் ஒரு கை கொடுக்கவில்லை. கடையில் வாங்கினால் எவ்வளவு லேசு என்று மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

மூடியைத் திறந்தபோது நுங்கு பனி பிடித்துக் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அவருக்கு முதல் கிண்ணம். தின்றார், முழுவதும். “நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் வை” என்றார். நான் நாத்தனாரைப் பார்த்தேன்: கேட்டாயா? அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் போட்டவள் கண் பிதுங்க எழுந்து, அங்கணத்துக்கு ஓடி, துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள்.

“ஆத்தாடி! மதினி, இது நுங்கா கடத்தண்ணியா?”

நான் தூக்குக்குள் விரலை விட்டு நக்கினேன். சமையலறையில் என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. உப்பு. அப்படி இப்படி உப்பு இல்லை, நாக்கு சுருண்டது. மூடி இறுக்கமில்லாத தூக்கு. திருப்பத் திருப்ப, உருகிய உப்புத்தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கொதிக்கிற குழம்பென்றால் மூக்கு சொல்லியிருக்கும். உறைந்த பண்டத்துக்கு வாடை ஏது? அறிவியல் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் இதை. ஒரே ஒரு கரண்டி நான் வாயில் வைத்திருந்தால் போதும்.

ஆனால் நான் அப்போது உப்பைப் பற்றி நினைக்கவில்லை. அவர் கையில் காலிக் கிண்ணம் இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

நாத்தனார் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். நான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“ருசி எப்பம் போச்சு? மறுபடியும் போயிட்டா?”

“வரவே இல்லட்டி.”

“மாம்பழம்?”

“குளுந்துச்சு. அவ்வளவுதான்.”

“பின்ன என்னத்துக்கு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னீக?”

சுற்றாத ஃபேனைப் பார்த்தார். “நீ எதுக்க நின்னு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த. பரிச்ச ரிசல்ட்டுக்கு நிக்க பிள்ள மாதிரி. நான் என்னத்தச் சொல்லச் சொல்லுத?”

முப்பத்து நாலு வருஷத்தில் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் பொய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்டா ஐஸை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆத்திரத்துக்கு அடியில் இருந்தது பயம். திட்டாத அவரை எனக்குத் தெரியாது. யாரோ ஒரு நல்ல மனிதர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வைத்ததைத் தின்றுவிட்டு, மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டிருந்தார்.

“இனிமே நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீகன்னா கிண்ணத்தத் தூக்கித் தெருவுல வீசிருவேன்” என்றேன். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க.”

“சரிட்டி” என்றார்.

அன்று முதல் ருசி பார்க்க ஆரம்பித்தேன். எல்லாவற்றையும், சோர்பே மட்டுமில்லை, சாம்பார், ரசம், கீரை. என் சமையலைப் பற்றி எனக்குத் தெரியவந்த செய்தி ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. நான் பதம் என்று நினைத்த மாம்பழ ஐஸ், இருமல் மருந்து. திராட்சை, வெறும் தித்திப்பு, வேறொன்றுமில்லை. உறைந்தால் இனிப்பு மங்கும் என்று படித்ததை நம்பிச் சர்க்கரையை மூட்டையாகக் கொட்டியிருக்கிறேன். அவர் திட்டிய திட்டில் முக்கால்வாசி நியாயம். ரசத்தில் புளி பழசுதான். அடுத்த முறை வந்த நாத்தனார், நான் கரண்டியை நக்கிக் கழுவுவதைப் பார்த்துவிட்டு, “எச்சிலையா அண்ணனுக்குக் குடுக்கீக?” என்றாள். “ஆமா” என்றேன். பத்தமடை போய்ச் சேருவதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

அவரும் சொன்னபடி நடந்துகொண்டார். “என்ன தெரியுது?” என்று கேட்பேன். “குளுந்திருக்கு.” “வேற?” “நறநறங்குது.” “வேற?” “வேற ஒண்ணுந் தெரியல.” ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஒண்ணுந் தெரியல, ஒண்ணுந் தெரியல. டாக்டரிடம் போய், நான் முன்னால் சொன்னது தப்பு, ருசி வரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டு, முன்பு எழுதியிருந்ததை அடித்தார். புண் ஆறிவிட்டது, இனிப் புளிப்பும் கொடுக்கலாம் என்றார். தின்பதை நிறுத்தாதவரைக்கும் சரி என்றார். வீட்டுக்காரரும் தின்றார், கடமைக்கு. ராத்திரி அவர் தூங்கும்போது தோள் எலும்பைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கார்த்திகை அடைமழை. ஆற்றில் தண்ணீர் படித்துறை மேல்படி வரை வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். ஊரே சுக்குக் காப்பி குடிக்கிற நேரத்தில் நான் எலுமிச்சை ஐஸ் கிளறிக்கொண்டிருந்தேன். புளியங்குடி எலுமிச்சை, சாறு நிறைந்தது. கைப்பேசிக்காரி, தோலையும் துருவிப் போட்டால்தான் வாசனை என்றாள். மஞ்சள் தோலை மட்டும் மேலாகத் துருவ வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை, புதினா குத்தப் போய்விட்டாள். நான் வெள்ளைத் தோல் வரைக்கும் துருவித் தள்ளிவிட்டேன்.

உறைந்ததும் எடுத்து ருசி பார்த்தேன். கசப்பு. முதலில் புளிப்பும் இனிப்புமாக வந்து, அப்புறம் அடிநாக்கில் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தேய்த்த மாதிரி ஒரு கசப்பு, போவேனா என்றது. கொட்டிவிடலாமா என்று யோசித்தேன். வேறு ஒன்றும் தயாராக இல்லை. அவருக்கென்ன தெரியப்போகிறது, குளிர்ச்சியாக உள்ளே போனால் சரி என்று கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, எதிரில் நிற்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக் காய்ந்தும் காயாத துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கசப்பைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

கரண்டி கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

“ஏட்டி.”

திரும்பினேன். முகம் கோணியிருந்தது. நாக்கை மேல்வாயில் வைத்து ஒரு தரம் உரசினார். மறுபடி உரசினார்.

“தோலச் சேத்தா துருவுன? கசக்குது. இத மனுஷன் திம்பானா?”

மடித்த வேட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

“என்னது?”

“காது கேக்கலையா? கசக்குதுங்கேன். எலுமிச்சம்பழத்துல ஐஸ் போடத் தெரியலன்னா எதுக்குட்டி போடுத? எந்தக் கூறுகெட்டவ ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?”

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இன்னொரு தரம் சொல்லுங்க” என்றேன்.

“எத?”

“கசக்குதுன்னு.”

என்னை முறைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மெல்லப் புரிந்தது. கிண்ணத்தைத் திரும்ப எடுத்து, இன்னொரு கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தார். விழுங்கினார்.

“கசக்குதுட்டி” என்றார், குரல் உடைந்து. “வெசமாக் கசக்குது.”

பிறகு கிண்ணத்தை என் கையில் திணித்து, “இத நீயே தின்னு, எனக்கு வேண்டாம்” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் தின்றேன், மிச்சம் வைக்காமல். அவர் சொன்னது சரிதான், மனுஷன் தின்பானா அதை!